நோஞ்சான் குட்டிக்கு எப்போது ஊட்டுவது?

(கால்நடைப் பராமரிப்பு விரிவாக்க அலுவலர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)



பன்றி வளர்ப்பு என்றால் நாம் இனத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். வெள்ளை யார்க்ஷயர் நல்லதா, ஹாம்ப்ஷயர் நல்லதா, வட வங்கத்துக் குங்ரூ நல்லதா என்ற விவாதம் 1970-71இல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிய நாள் முதலாகவே நடந்து வருகிறது. அதனால் பயனும் விளைந்திருக்கிறது. குவாஹாட்டியை அடுத்த ராணி என்னும் இடத்தில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயரையும் குங்ரூவையும் இணைத்து உருவாக்கிய கலப்பினத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தது. ஆனால் நான் இன்று பேச வந்தது இனத்தைப் பற்றியன்று. எந்த இனமாயினும் ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி பிறந்தால், அவற்றுள் ஒன்றோ இரண்டோ மற்றவற்றைவிட வெகுவாக மெலிந்து பிறக்கின்றனவே, அந்த நோஞ்சான் குட்டிகளைப் பற்றித்தான்.

அண்மைக் காலமாக இந்தக் குட்டிகளுக்கு அமினோ அமிலங்களை ஊட்டினால் தசை வளரும், எடை கூடும் என்ற செய்தி பரவி வருகிறது. விற்பனையாளர்கள் புட்டிகளோடு வருகிறார்கள். 'வாங்கலாமா?' என்று வளர்ப்போர் உங்களிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்வது என்பதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் இதை யார் கேட்கிறார்கள் என்று பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. 2012ஐ நோக்க இது 12 விழுக்காடு குறைவு. ஆனால் அஸ்ஸாமிலும் ஜார்க்கண்டிலும் மேகாலயாவிலும் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்திருந்தது. அஸ்ஸாமில் மட்டும் 21 இலட்சம். அங்கெல்லாம் பன்றி பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் வளர்வது. ஒரு தாய்ப் பன்றி அல்லது இரண்டு. பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். பள்ளிக் கட்டணத்துக்கும், திடீரென்று வரும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது அந்தக் கொட்டில்தான். 2020இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்தபின் பல கொட்டில்கள் காலியாயின. மறுபடியும் ஒரு தாய்ப் பன்றியை வாங்கி வளர்ப்பவருக்கு எட்டில் இரண்டு குட்டி இறப்பது வருமானத்தில் கால் பங்கு போவதாகும்.

இனி, எடை குறைவு என்பது என்ன? யார்க்ஷயர் போன்ற அயல்நாட்டு இனங்களில் குட்டியின் சராசரிப் பிறப்பெடை 1.2 முதல் 1.5 கிலோ வரை இருக்கும். ஒரு கிலோவுக்குக் கீழே பிறப்பதை எடை குறைந்த குட்டி என்று கொள்வது வழக்கம். நம் நாட்டு இனங்களில் இயல்பாகவே குட்டி சிறியது. ஆகவே அங்கே ஒரு கிலோ என்ற அளவுகோல் பொருந்தாது. உடன்பிறந்த குட்டிகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு காசிக் குன்றில் உள்ள கருப்புக் குட்டிகளையெல்லாம் நோஞ்சான் என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள்.

பன்றியின் சினைக்காலம் 114 நாள். கருப்பையின் இரு கொம்புகளிலும் குட்டிகள் வரிசையாக வளர்கின்றன. இடம் ஒன்றே, உண்போர் பலர். எந்தக் குட்டியின் நச்சுக்கொடி சிறியதாக அமைகிறதோ, எதற்கு இரத்த ஓட்டம் குறைகிறதோ, அது பின்தங்குகிறது. குட்டிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்த நெருக்கடியும் கூடுகிறது. ஆகையால் ஈற்றுக்குப் பன்னிரண்டு குட்டி என்று பெருமைப்படும்போதே, அவற்றுள் எத்தனை மெலிந்தவை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது தசையின் கதைக்கு வருவோம். இதுதான் இந்தப் பொருளின் உயிர்நாடி. சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

தசை என்பது நுண்ணிய இழைகளின் கற்றை. பன்றிக் கருவில் இந்த இழைகள் இரண்டு அலைகளாகத் தோன்றுகின்றன. சினையின் 35ஆம் நாள் வாக்கில் முதல்நிலை இழைகள் தோன்றத் தொடங்கி 55, 60 நாளுக்குள் முடிந்துவிடுகின்றன. பின்னர் அந்த இழைகளைச் சாரமாகக் கொண்டு, அவற்றைச் சுற்றி இரண்டாம் நிலை இழைகள் உருவாகின்றன. இவை எண்ணிக்கையில் மிகுதி. ஏறத்தாழ 90ஆம் நாளில் இந்த வேலையும் முடிகிறது. அதற்குப்பின் அந்தக் குட்டிக்கு எத்தனை இழைகளோ, பெரும்பாலும் அத்தனைதான். பிறந்தபின் இழைகள் பருக்கும், நீளும். எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்கவாறு கூடுவதில்லை.

நெல் பயிரிடுவோருக்கு இதை விளக்குவது எளிது. தூர் கட்டும் பருவத்தில் எத்தனை தூர் வெடித்ததோ, அதைப் பொறுத்தே கதிர்களின் எண்ணிக்கை. அப்போது போடத் தவறிய உரத்தைக் கதிர் வந்தபின் கொட்டினால் மணி சற்றுத் திரளலாம்; புதிய தூர் வெடிக்காது.

கருப்பையில் உணவு குறையும்போது முதல்நிலை இழைகள் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. பாதிக்கப்படுபவை இரண்டாம் நிலை இழைகளே. ஜெர்மனியில் டும்மர்ஸ்டார்ஃப் என்னும் ஊரிலுள்ள பண்ணை விலங்கு உயிரியல் ஆய்வு நிலையத்தில் சார்லட் ரேஃபெல்ட் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். மெலிந்து பிறந்த குட்டிகளுக்கு இழைகள் குறைவு என்பதும், வளர்ந்து இறைச்சிக்கு வரும்போது அந்தக் குறைந்த இழைகள் அளவுமீறிப் பருத்திருப்பதும், உடலில் கொழுப்பின் பங்கு கூடியிருப்பதும், இறைச்சியிலிருந்து நீர் கசிவது மிகுவதும் அந்த ஆய்வுகளால் தெரியவந்தன. வடகிழக்கு மாநிலங்களில் கொழுப்புள்ள கருப்புப் பன்றி இறைச்சிக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை நான் அறிவேன். அங்குள்ள கறிக்கடைக்காரர் இதைக் குறையாக எண்ணமாட்டார். ஆனால் உண்ட தீனி தசையாகாமல் கொழுப்பாவது வளர்ப்பவருக்கு நட்டமே. ஒரு கிலோ கொழுப்பு சேரத் தேவைப்படும் தீனி, ஒரு கிலோ தசைக்குத் தேவைப்படுவதைவிட வெகு அதிகம். சந்தை எடையை எட்டவும் நாட்கள் கூடுகின்றன.

அப்படியானால் பிறந்தபின் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. புரதம் என்பது இருபது அமினோ அமிலங்களால் கோக்கப்படுவது. பழைய அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக்களைக் கோத்து வரி அமைப்பார்கள். 'க' தீர்ந்துவிட்டால் மற்ற எழுத்துக்கள் பெட்டி நிறைய இருந்தும் வேலை நின்றுவிடும். அதுபோலத் தீனியில் எந்த அமினோ அமிலம் முதலில் தீருகிறதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கிறது. தானியத் தீனியில் பன்றிக்கு முதலில் தீருவது லைசின். தாய்ப்பால் குடிக்கும் குட்டிக்கோ வேறொன்று தட்டுப்படுகிறது: ஆர்ஜினின்.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவோயாவோ வூ என்னும் அறிஞர் இதை எடுத்துக்காட்டியவர். பன்றிப்பால் ஒரு வாரக் குட்டியின் ஆர்ஜினின் தேவையில் பாதியைக்கூட நிறைவு செய்வதில்லை. மீதியைக் குட்டியின் குடலே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். அந்தத் திறன் முதல் வாரத்துக்குப் பின் குறைகிறது. 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாயிடமிருந்து பிரித்துத் திரவப்பால் ஊட்டி வளர்த்த குட்டிகளுக்கு 7ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை ஆர்ஜினின் கொடுத்தார்கள். 0.2 விழுக்காடு சேர்த்தபோது எடைப்பேறு 28 விழுக்காடும், 0.4 விழுக்காடு சேர்த்தபோது 66 விழுக்காடும் கூடியது. பிரமிக்கத்தக்க எண்கள். விற்பனைத் துண்டறிக்கைகளில் இத்தகைய எண்களைக் காணலாம். ஆனால் அவை தாயின்றி, கருவியால் ஊட்டப்பட்டு, குளிரின்றி, நோயின்றி வளர்ந்த குட்டிகளின் எண்கள் என்பதைத் துண்டறிக்கை சொல்வதில்லை.

இன்னொன்று லூசின். இது வெறும் எழுத்து மட்டுமன்று. கோக்கும் வேலையைத் தொடங்கச் சொல்லும் மணியும் இதுவே. ஹூஸ்டன் நகரத்தில் டெரெசா டேவிஸ் அம்மையாரின் குழுவினர், பால் உண்டவுடன் பச்சிளங்குட்டியின் தசையில் புரத உற்பத்தி எப்படிக் குபீரென்று உயர்கிறது என்பதையும், நாலு வாரத்துக்குள் அந்த வேகம் எப்படித் தணிகிறது என்பதையும் அளந்து காட்டினார்கள். லூசினைத் தனியே செலுத்தினாலும் அந்த உற்பத்தி தூண்டப்படுகிறது. இதைக் கேட்டவுடன், 'நோஞ்சான் குட்டிக்கு லூசின் கொடுத்தால் போதுமே' என்று தோன்றும். அதே குழுவினர் அதையும் சோதித்தார்கள். புரதமும் ஆற்றலும் குறைத்த பாலை மூன்று வாரம் கொடுத்து, அதனுடன் லூசினையும் சேர்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு இது: தசைக்குள் தூண்டுதல் உயர்ந்தது, உடல் எடை உயரவில்லை. மணி அடித்தது, கோக்க எழுத்து இல்லை! நம் கொல்லைகளில் உள்ள நோஞ்சான் குட்டியின் நிலை இந்தச் சோதனைக் குட்டியின் நிலைதான். காம்புக்குப் போட்டியிட முடியாமல் அரை வயிற்றோடு கிடக்கும் குட்டிக்குத் தேவை முழு உணவு. ஓர் அமிலம் அன்று.

மேலும் ஒன்றை மிகுதியாக ஊட்டினால் மற்றொன்று கெடும். லூசின் மிகுந்தால் ஐசோலூசினும் வாலினும் இரத்தத்தில் குறையும். ஆர்ஜினினும் லைசினும் குடலில் ஒரே வாயில் வழியாக நுழைபவை. ஒன்று நெருக்கினால் மற்றொன்று பின்தங்கும்.

எனவே பிறந்த குட்டிக்கு முதல் நாளில் புட்டி வேண்டாம், சீம்பால் வேண்டும். பன்றியின் நச்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குச் செல்வதில்லை. முழுவதும் சீம்பாலில்தான் வரவேண்டும். அதையும் குடல் ஏறத்தாழ 24 மணி நேரம் மட்டுமே உள்ளபடி ஏற்கும். ஒரு குட்டி பிழைக்க 200 கிராம் சீம்பாலாவது வேண்டும். குட்டியின் உடலில் பிறக்கும்போது கொழுப்பு ஒன்றிரண்டு விழுக்காடுதான்; குளிரைத் தாங்காது. 34 பாகை வெப்பம் அதற்குத் தேவை. ஷில்லாங் பீடபூமியில் சனவரி இரவில் மூங்கில் தளத்தின் மேல் பிறக்கும் குட்டியை எண்ணிப் பாருங்கள். காய்ந்த வைக்கோலும், காற்று மறைக்க ஒரு சாக்கும், வலுத்த குட்டிகளை ஒரு மணி நேரம் கூடையில் அடைத்துவைத்துவிட்டு மெலிந்தவற்றை முதலில் காம்பில் விடுவதும் செலவில்லாத வேலைகள். மூன்றாம் நாளில் இரும்புச்சத்து ஊசி. குட்டிக்கு நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்பு வேண்டும்; பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவே. இவையெல்லாம் நடந்தபின் அமினோ அமிலத்தைப் பற்றிப் பேசலாம். இவை நடக்காத கொட்டிலில் அந்தப் புட்டிக்குச் செலவிடும் பணம் வீண்.

நான் வற்புறுத்த விரும்புவது இன்னும் ஒரு படி முன்னே. அமினோ அமிலத்துக்குச் செலவிடக் கையில் சிறிதளவே பணம் இருக்குமானால், அதைக் குட்டியின் வாயில் ஊற்றாதீர்கள். சினைப் பன்றியின் தொட்டியில் இடுங்கள். இழைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கப்படும் இடம் அதுவே.

இதற்கு ஆதாரம் உண்டு. பன்றிக் கருவைச் சூழ்ந்த நீரில், சினையின் 40ஆம் நாள் வாக்கில் ஆர்ஜினின் வியக்கத்தக்க அளவு செறிந்திருப்பதை வூவின் குழு 1996இலேயே கண்டது. நச்சுக்கொடியில் இரத்தக்குழாய்கள் விரிவதற்கு இந்த அமிலம் மூலப்பொருளாகிறது. 2007இல் வெளியான ஆய்வில், முதல் சினையுற்ற பன்றிகளுக்கு 30ஆம் நாள் முதல் ஈனும் நாள் வரை தீனியில் ஒரு விழுக்காடு ஆர்ஜினின் சேர்த்தபோது, உயிருடன் பிறந்த குட்டிகள் ஈற்றுக்கு இரண்டு கூடின. அவற்றின் மொத்த எடையும் ஏறத்தாழ கால் பங்கு கூடியது. பின்னர் பல நாடுகளில் நடந்த சோதனைகள் அனைத்தும் இதே அளவு பயனைக் காட்டவில்லை. சிலவற்றில் மாற்றமே இல்லை. ஏற்கெனவே நன்றாக ஊட்டப்பட்ட பன்றிக்கு மேலும் ஊட்டினால் பயன் குறைவது இயல்பே.

அதே வேளையில், மிகுதியும் கேடு. டும்மர்ஸ்டார்ஃபில் சினைப் பன்றிகளை மூன்று பிரிவாக்கி, ஒன்றுக்கு 6.5 விழுக்காடு புரதமும், ஒன்றுக்கு 12 விழுக்காடும், ஒன்றுக்கு 30 விழுக்காடும் கொடுத்தார்கள். குறைவாகப் பெற்றவை எடை குறைந்த குட்டிகளை ஈன்றன. மிகுதியாகப் பெற்றவையும் அவ்வாறே! நடுப்பிரிவே நன்றாக ஈன்றது. 'புரதம்தானே, கூடினால் என்ன' என்று எண்ணுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

நம் சிற்றூர்ச் சினைப் பன்றிக்கு என்ன கிடைக்கிறது? தவிடு, அதிலும் சிறு ஹல்லர் ஆலைகளில் உமி கலந்து வரும் தவிடு, சேம்புத் தண்டு, மரவள்ளி, நொய், அரிசிக் கள் வடித்த சக்கை, சமையலறைக் கழிவு. வயிறு நிறைகிறது, புரதம் நிறைவதில்லை. மரவள்ளியில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள சயனைடு நஞ்சை முறிக்க உடல் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் செலவிடுகிறது. அதாவது, வேகவைக்காத மரவள்ளி மெத்தியோனினைக் கொடுக்காததோடு, இருப்பதையும் பறித்துக்கொள்கிறது.

இங்கே தூய ஆர்ஜினின் வாங்கச் சொல்வது பொருத்தமாகாது. நாளொன்றுக்கு இரண்டு கிலோ தீனியில் ஒரு விழுக்காடு என்றால் 20 கிராம். 84 நாளுக்கு ஏறத்தாழ 1.7 கிலோ. அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு 200 கிராம் சோயாப் பிண்ணாக்கு கொடுத்தால் 90 கிராம் புரதமும், ஐந்தாறு கிராம் லைசினும், அதற்குச் சற்று மேலாகவே ஆர்ஜினினும் கிடைக்கின்றன. 84 நாளுக்கும் 17 கிலோ போதும். சோயா கிடைக்காத இடத்தில் கருவாட்டுத் தூளும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து கொடுக்கலாம். கடலையில் ஆர்ஜினின் மிகுதி, லைசின் குறைவு; மீனில் லைசின் மிகுதி. இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மட்டும் விலை மலிவென்று வாங்கவேண்டாம். அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுக்கும். வீட்டில் விளைந்த சோயா மொச்சையானால் வேகவைத்தே கொடுக்கவேண்டும். பச்சையாக இருந்தால் புரதம் செரிக்காது. உணவு விடுதிக் கழிவைக் கொதிக்கவைக்காமல் கொடுக்கவே கூடாது என்பதைக் காய்ச்சல் பரவிய பின் யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆயினும் சொல்லிவைக்கிறேன்.

வங்கி நண்பர்களுக்கு ஒரு சொல். 2021இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு மூலதனச் செலவில் பாதி, 30 இலட்ச ரூபாய் வரை மானியமாக வகுக்கப்பட்டது. அந்த உச்சவரம்பு 100 தாய்ப் பன்றிகள் கொண்ட பண்ணைக்கு உரியது. பெரிய பண்ணைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பன்றிகளில் பெரும்பகுதி இருப்பது ஒன்றிரண்டு தாய்ப் பன்றி உள்ள வீடுகளில். அங்கே தேவைப்படுவது கட்டடத்துக்கான கடன் அன்று. சினைக்காலத்தில் 17 கிலோ பிண்ணாக்கு. மகளிர் குழுக்களின் சுழல்நிதி வழியாக இதைச் செய்ய இயலும்; குழு ஒன்றாகச் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் விலையும் குறையும். ஈற்றுக்குப்பின் குட்டி விற்றதும் திருப்பிச் செலுத்த எட்டு வாரத் தவணை போதுமானது.

இறுதியாக, உங்கள் பணிக்கு வேண்டிய ஒரு செய்தி. சினையின் 30ஆம் நாள் எது என்று தெரியாமல் இவற்றுள் எதையும் செய்யமுடியாது. பல வீடுகளில் பன்றி இணைந்த நாளை யாரும் குறித்துவைப்பதில்லை. கொட்டிலின் மூங்கில் தட்டியில் கரியால் அந்தத் தேதியை எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே 30, 90, 114 என்று மூன்று நாட்களையும் நாட்காட்டி பார்த்து நீங்களே எழுதிக்கொடுங்கள். ஈன்ற அன்று ஒரு கைத்தராசையும் சிறு சாக்குப் பையையும் எடுத்துச் சென்று ஒவ்வொரு குட்டியையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிண்ணாக்கு கொடுத்த வீட்டின் எடையும் கொடுக்காத வீட்டின் எடையும் ஓராண்டில் உங்கள் குறிப்பேட்டிலேயே அருகருகே இருக்கும். அடுத்த முறை புட்டியோடு ஒருவர் வரும்போது, அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டலாம்.